வலி தணிக்கும் தாதியர்

(மாட்டுத்தாவணியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இம்மாட்டுத்தாவணி பெயரளவில் மாட்டுச் சந்தையை நினைப்பூட்டினும், இன்று தென்பாண்டி நாட்டின் தலைவாயிலாக விளங்குகின்றது. மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய திக்குகளினின்றும் வரும் பஸ்களில் நாள்தோறும் நோயாளிகள் பலர் இங்கு வந்திறங்கி, நகரத்து ஆஸ்பத்திரிகளை நாடிச் செல்கின்றனர். அவருட் சிலர், "இனி இந்நோய் தீராது" என்னும் சொல்லைக் கேட்டு ஊர் திரும்புகின்றனர். அவ்விதம் திரும்பியவரின் வீட்டு வாசலை வைத்திய உதவி எவ்வாறு எட்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நோய் தீராது என்பது வேறு. வலி தீராது என்பது வேறு. தீராத நோயுற்றவரின் வலி, மூச்சுத்திணறல், புண், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணித்து, அவர்தம் குடும்பத்தாருக்கும் துணை நிற்பதே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையாகும். ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறதென்றும், தேவையுள்ளோரில் நூற்றுக்குப் பதினால்வரே அதனைப் பெறுகின்றனரென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது.

இத்துறைக்கு நவீன உருவம் தந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் முதற்கண் தாதியாகப் பயின்றவர். பின்னரே வைத்தியப் பட்டம் பெற்று, 1967-ல் லண்டனில் ஸெயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தை நிறுவினார். நமக்கு அண்மையிலுள்ள கோழிக்கோட்டில், 1993-ல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய சிறு முயற்சி, தொண்டர்களாலும் தாதியராலும் வீடு வீடாகப் பரவியது. 2008-ல் கேரள அரசாங்கம் அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நமது மாகாணத்தில் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்திலும், இச்சிகிச்சைக்கென வட்டாரத்துக்கொரு செவிலியர் ஏற்படுத்தப்பட்டனர். இவ்வனைத்திலும் நோயாளியின் பாயருகே சென்று அமர்பவள் தாதியே.

அவள் அங்குச் செய்வது யாது? படுக்கைப் புண் வாராதபடி இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்பிக்கிறாள். நாற்றமெடுத்த புற்றுப்புண்ணைக் கழுவி, டாக்டர் விதித்த மருந்தை இட்டு நாற்றத்தை அடக்குகிறாள். அந்நாற்றத்தால் ஒதுங்கி நின்ற பேரப்பிள்ளை மறுபடியும் பாட்டியருகில் வந்து உட்காருவதற்கு அதுவே வழியாகின்றது. வறண்ட வாயைத் துடைத்தலும், மூத்திரக் குழாயை மாற்றுதலும், வலியின் அளவை விசாரித்து டாக்டருக்கு அறிவித்தலும் அவள் கடமைகளே.

வலிக்குரிய மார்பின் மாத்திரையைக் கண்டு அஞ்சுவோர் நம்மிடையே பலருளர். டாக்டர் விதித்த அளவில், நாலு மணிக்கொருமுறை உரிய காலந்தவறாது கொடுத்துவரின், அது கடும் வலியையும் அடக்கவல்லது. மலச்சிக்கலுக்கு மாத்திரம் உடன் மருந்து வேண்டும். 1985-ல் வந்த போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் ஆஸ்பத்திரிகளிலும் இம்மருந்து அருகிப் போயிற்று. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பெற்று வழி சற்றுத் திறந்தது. ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா தேசத்திலோ, இதற்கெனப் பயின்ற தாதியரே மார்பின் எழுதித் தரலாமென 2004-லேயே விதி செய்தனர். டாக்டர்கள் குறைவாயிருந்த அந்நாடு, தாதியரை நம்பியே சிகிச்சையைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது.

இனி நம் நிலையைக் காண்போம். மதுரை ஜில்லாவில் ஊராட்சி ஒன்றியங்கள் 13. வட்டாரத்துக்கு ஒருத்தி நாளொன்றுக்கு ஐந்து வீடு செல்வதாகக் கொள்ளினும், வாரத்தின் ஆறு நாட்களில் முப்பது வீடே ஆகும். ஒரு வட்டாரத்திலோ சராசரியாக லட்சத்தையொட்டிய மக்கள் வாழ்கின்றனர். கட்டடம் எழுப்பினால் மட்டும் இக்குறை தீராது. தாதியின் கால் எட்டும் தூரமே இச்சிகிச்சையின் எல்லை. ஆதலின் தாதியரைப் பெருக்குவதே வழி.

இங்கேதான் நம் சமூகத்தாரின் பொறுப்பு வருகின்றது. பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்கக் கடன் வாங்கவும் துணியும் நாம், தாதிப் படிப்பு என்றதும் தயங்குகிறோம். "இரவு வேலையாயிற்றே, பிறர் புண்ணைத் தொடும் வேலையாயிற்றே" என்று கல்யாணப் பேச்சிலே முகஞ்சுளிக்கிறோம். நம் வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழுந்தால் மாத்திரம், "நல்ல நர்ஸ் ஒருத்தி கிடைப்பாளா?" என்று ஊரெல்லாம் தேடுகிறோம். பிறர் பெற்ற மகள் நம் தந்தையின் புண்ணைக் கழுவலாம், நம் மகள் பிறர் தந்தையின் புண்ணைக் கழுவலாகாது என்பது எந்த நியாயம்? புண்ணைக் கழுவும் கை ஜாதி பார்ப்பதில்லை. அக்கையின் தொழிலை நாம் தாழ்வாகப் பார்ப்பதும் தகாது.

ஆகவே சங்கத்தாருக்கு நமது விண்ணப்பம் மூன்று. ஆண்டுதோறும் வழங்கும் உபகாரச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாதிப் படிப்புக்கென ஒதுக்குதல் வேண்டும். ஒப்பந்த முறையில் தொகுப்பூதியம் பெற்று உழைக்கும் செவிலியருக்கு நிரந்தர உத்தியோகமும், வட்டாரந்தோறும் கூடுதல் செவிலியரும் வேண்டுமெனச் சர்க்காருக்குத் தீர்மானம் அனுப்புதல் வேண்டும். நோயாளியுள்ள வீடுகளுக்கு நம் வாலிபர்கள் சென்று, செவிலியரை அழைத்து வரவும் மருந்து வாங்கித் தரவும் முன்வருதல் வேண்டும்.

பிறக்கும் குழந்தையைக் கையேந்தி வாங்கும் மருத்துவச்சியை நம் முன்னோர் புடவையும் நெல்லும் கொடுத்துக் கொண்டாடினர். போகும் உயிரை நோவின்றி வழியனுப்பும் தாதிக்கும் அம்மரியாதை உரியதே. அதனைத் தர நம் சங்கம் முற்படுமாக!