வரிசைக் கோப்பை வாசிக்கும் நிரல்: மாநாட்டுத் தலைமை உரை

மரபணு வரிசைக் கோப்பு என்பது எளிய எழுத்துக் கோப்பே. ஃபாஸ்டா வடிவத்தில், வலப்பக்கம் பார்த்த கோணக்குறியோடு தலைப்பு வரி ஒன்று தொடங்கும். அதன் கீழே வரிசையின் எழுத்துகள் பல வரிகளாக மடக்கப்பட்டிருக்கும். 1980களில் வில்லியம் பியர்சனும் டேவிட் லிப்மனும் உருவாக்கிய தேடல் மென்பொருளின் பெயரே இவ்வடிவத்துக்கும் நிலைத்தது. பெர்ல், பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் இதை வாசித்துவிடலாம். அந்தச் சில வரிகள் பிழைபட்டால் பின்வரும் ஆய்வு முழுவதும் பிழைபடும். இம்மாநாடு முதலில் கருத வேண்டியது இதுவே.

எடுத்துக்காட்டாக, முட்டைக்கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் வட்டாரம் வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோயை நன்கறியும். அதன் வைரஸின் மரபணுத்தொகுதி ஆர்.என்.ஏ.வால் ஆனது, ஆயினும் பொதுத் தரவகக் கோப்புகளில் யுராசிலின் இடத்தில் தைமினின் எழுத்தே இருக்கும். தொகுதியின் நீளம் 15,186 நியூக்ளியோடைடுகள். சில வகைகளில் 15,192 அல்லது 15,198. மூன்று எண்களும் ஆறால் மீதமின்றி வகுபடும். இவ்வைரஸின் நியூக்ளியோபுரதம் ஒவ்வொன்றும் ஆறு நியூக்ளியோடைடுகளைப் பற்றிக்கொள்வதே காரணம். ஆகவே முழுத்தொகுதிக் கோப்பை வாசித்ததும் நீளத்தை ஆறால் வகுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. வரிமுடிவுக் குறிகளும் சேர்த்து எண்ணப்பட்டிருந்தால் பெரும்பாலும் மீதம் வந்து காட்டிக்கொடுக்கும்.

வைரஸின் வீரியத்தைக் கணிக்க, இணைவுப் புரதத்தின் வெட்டுமிடத்தில் 112 முதல் 117 வரையான அமினோ அமிலங்கள் பார்க்கப்படுகின்றன. கொடிய வகைகளில் அங்கே அர்ஜினின், அர்ஜினின், குளுட்டமின், லைசின், அர்ஜினின், ஃபினைல்அலனின் என அமைவது வழக்கம். தடுப்பூசியாகப் பயன்படும் லசோட்டாவில் கிளைசின், அர்ஜினின், குளுட்டமின், கிளைசின், அர்ஜினின், லியூசின் என இருக்கும். 117ஆம் இடத்து ஃபினைல்அலனின் கடுமையின் அடையாளங்களுள் ஒன்று. உயிரியலாளர் ஒன்றிலிருந்து எண்ணுவர். பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணும், முடிவு எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. எனவே புரத வரிசையில் எடுக்க வேண்டிய துண்டு [111:117]. [112:118] என்று எழுதினால் ஓரிடம் தள்ளிப்போய், கடைசியில் ஐசோலியூசின் வந்து நிற்கும். கொடிய வைரஸ் வீரியம் குறைந்ததாகப் பதிவாகிவிடும். நிரலோ எந்தப் பிழைச்செய்தியும் தராது.

இன்னோர் எடுத்துக்காட்டு: சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தரும் மரவள்ளியில் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. இந்திய, இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்களின் மரபணுத்தொகுதி இரண்டு டி.என்.ஏ. வட்டங்களாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 நியூக்ளியோடைடுகளோடு அமைந்தது. வட்டத்தைக் கோப்பில் எழுத எங்காவது வெட்டியாக வேண்டும். பெருக்கம் தொடங்கும் ஒன்பது எழுத்துத் தொடருக்குள் வெட்டுவது வழக்கம். அதனால் அத்தொடரின் முதல் ஏழு எழுத்துகள் கோப்பின் இறுதிக்கும், எஞ்சிய இரண்டு தொடக்கத்துக்கும் போய்விடும். நேராகத் தேடும் நிரல் தொடரே இல்லை என்று சொல்லும். தொடக்க எழுத்துகளை இறுதியில் ஒட்டித் தேடினால் அகப்படும்.

1999 முதல் வளர்ந்துவரும் பயோபைத்தான் தொகுப்பு கோப்பு வடிவங்களைச் செம்மையாகக் கையாள்கிறது. வாசிப்புக்கு அதையே பயன்படுத்துவது நல்லது. ஆனால் ஆறால் வகுபட வேண்டும் என்பதையோ, ஃபாஸ்டாவில் உள்ளது வட்டம் என்பதையோ அது தானாக அறியாது. அதை ஆய்வாளரே நிரலில் எழுத வேண்டும். ஆகவே இங்கு முன்வைக்கப்படும் ஒவ்வொரு நிரலோடும் விடை தெரிந்த மாதிரிக் கோப்புகள் இணைக்கப்பட வேண்டும்: ராணிக்கெட்டுக்கு லசோட்டாவும் கொடிய வகை ஒன்றும், மரவள்ளிக்கு முழு வட்டம் ஒன்று. அவற்றில் சரியான விடை தந்த பிறகே பண்ணையிலும் வயலிலும் எடுத்த மாதிரிகளின் வரிசைகளை நிரலிடம் ஒப்படைப்பது முறை.