உதவுகின்றவரும் கற்றல் வேண்டும்

(புக்கிட் பெருந்துங் வட்டாரத் தோட்டப் பெற்றோரிடையேயும் தொண்டர்களிடையேயும் நிகழ்த்திய உரை)



கல்வி உதவி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பணம். ஆயினும், இன்று நாம் பேச விரும்புவது பணத்தைப் பற்றியன்று. அப்பணத்தை உரிய பிள்ளையின் கையில் சேர்ப்பிக்கும் மனிதர்களைப் பற்றியே.

தோட்டப் பாட்டாளிகள் பிறர் கையை மட்டுமே எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் அல்லர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் பறிபோன காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பால்மரத் தொழிலாளர்களே தோட்டங்களுக்குப் பங்காளிகள் ஆயினர். 1979-இல் கல்வி சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982-இல் டாக்டர் தம்பிராஜா அவர்களின் முயற்சியால் ஸ்ரீ முருகன் நிலையமும், 1984-இல் எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி மேம்பாட்டுக் கழகமும் உருவாயின. அரசாங்கம் 1997-இல் பி.டி.பி.டி.என். என்னும் உயர்கல்விக் கடன் நிதியையும், 2003-இல் வறிய மாணவர் அறநிதியையும் தொடங்கியது.

கதவுகள் பல திறந்துள்ளன. எனினும் ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சாவி. ஒன்றுக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். மற்றொன்றுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பி.டி.பி.டி.என். கடனுக்கு மனுச்செய்யும் மாணவர் முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கைத் திறத்தல் வேண்டும். மனுவும் இணையத்தின் வழியே செல்லும். ஒரு காலத்தில் மனு எழுத வேண்டுமாயின் தோட்டக் கிராணியாரைத் தேடிச் சென்றோம். இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன; கிராணியாரும் இல்லை. விடியுமுன் வெட்டுக்குச் செல்லும் தாய் யாரைக் கேட்பாள்? இறுதி நாள் கடந்துவிட்டால், நன்கு தேறிய பிள்ளையும் ஓராண்டை இழந்து நிற்கும்.

இவ்விடத்தில்தான் தொண்டர் வேண்டும். ஆனால், நல்ல மனம் மட்டும் போதாது. பால்மரம் வெட்டுவதை எண்ணிப் பாருங்கள். புதிதாக வந்தவர் கையில் கத்தியைக் கொடுத்தவுடனே நிரையில் விட்டுவிடுகிறோமா? ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். அளவறிந்து வெட்டப் பழகிய பின்னரே மரத்தை ஒப்படைக்கிறோம். ஒரு குடும்பத்தின் மனுவும் அத்தகையதே. பிழையாக நிரப்பிய ஒரு வரி, அப்பிள்ளையின் வாய்ப்பையே காயப்படுத்திவிடும்.

அயல்நாட்டிலும் இதனை உணர்ந்துள்ளனர். அமெரிக்காவில் கல்லூரிகளின் உதவிநிதி அலுவலர்கள் 1966-இல் தமக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தனர். விதிகள் மாறும்போதெல்லாம் ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொள்கின்றனர். பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றனர். மாநிலந்தோறும் உள்ள சங்கங்களில் உறுப்பினர்கள் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிப் பணியாற்றுகின்றனர். சம்பளம் பெறும் அலுவலர்களே ஓயாது கற்கும்போது, நாம் கல்லாமல் உதவப் புகுவது முறையாகுமா?

ஆதலின் தொண்டர்கள் நான்கு கடமைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, இலவச உதவி எது, கடன் எது என்பதைத் தெளிவாகக் கூறல் வேண்டும். 2023-இல் வருமான வேறுபாடின்றி மாணவருக்கு வழங்கப்பட்ட 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி திருப்பித் தர வேண்டாதது. பி.டி.பி.டி.என். பணமோ கடன், படிப்பு முடிந்தபின் செலுத்தியே ஆதல் வேண்டும். அவ்வாறு திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

இரண்டாவது, அறியாததை அறிந்ததுபோல் கூறலாகாது. "கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் இழிவு ஏதுமில்லை. சென்ற ஆண்டின் விதி இவ்வாண்டு மாறியிருக்கலாம். பள்ளியிலோ உரிய அலுவலகத்திலோ விசாரித்தே கூறுக.

மூன்றாவது, ஒரு குடும்பத்தின் வருமானமும் கடனும் தொண்டர் காதோடு நிற்றல் வேண்டும். அது கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் பேசப்படுமாயின், மறுமுறை எந்தத் தாயும் கதவைத் திறக்கமாட்டாள்.

நான்காவது, மனு எழுதியதற்குக் கூலி பெறலாகாது. கடவுச்சொல்லையும் அசல் பத்திரங்களையும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். பத்திரத்தில் பெயர்ப்பிழை இருப்பின், பிள்ளை ஆரம்பப் பள்ளியில் பயிலும்போதே திருத்த முயலுங்கள். ஐந்தாம் படிவம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு தோட்டத்திலும் குடியிருப்பிலும் இருவர் முன்வந்தால் போதும். ஒருவர் மூத்தவராகவும் மற்றவர் இளையவராகவும் இருப்பது நலம். மூத்தவர் குடும்பங்களை அறிவார், இளையவர் கணினியை அறிவார். இவர்கள் மாதம் ஒருமுறை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு கூடி, புதிய விதிகளைப் படித்து, இறுதி நாள்களைப் பலகையில் எழுதி வைக்கலாம். இப்பணியால் தொண்டருக்கும் பயனுண்டு. தேசிய மொழியில் மனு எழுதவும், கணக்கு வைக்கவும், அலுவலகத்தில் அஞ்சாது பேசவும் பழகுகின்ற இளைஞர் நாளை எந்தப் பணியிலும் தலைநிமிர்ந்து நிற்பார்.

பிறர் பிள்ளைக்காக விதியைக் கற்றவர், தம் பிள்ளைக்காக எவரையும் இரந்து நிற்க வேண்டுவதில்லை. இன்றே பெயர் கொடுங்கள், கூடிக் கற்போம், கற்றதைக் கொண்டு உதவுவோம்.