சுண்ணாம்பு பூசிய டாங்கி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் புலமை மிக்கோர் பேசிய மேடை இது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேக் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் குமாஸ்தாவாகிய நாம் இங்கு வந்து நிற்பதற்குக் காரணம் ஒரு சிறிய டாங்கி. முன்னறையில் குழந்தைகளின் கைவேலைகளுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டியொன்றில் அது வைக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைக் கண்ட சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மை இரண்டு கேள்விகள் கேட்டார். இவ்வளவு பாடுபட்டு ஒட்டி வர்ணம் தீட்டிய பொருளின்மீது பிறகு ஏன் அழுக்கையும் புகையையும் பூச வேண்டும் என்பது முதற் கேள்வி. மக்களைக் கொல்லும் கருவியைப் பொம்மையாக்கி வீட்டில் வைப்பது தகுமா என்பது இரண்டாவது. இரண்டும் நேர்மையான கேள்விகள். செயலாளர் அவர்கள், “மேடையிலேயே விடை சொல்லும்” என்று கட்டளையிட்டுவிட்டார்.

முதலில் பொருள் இன்னதென்று கூறிவிடுவோம். அது டி-34 என்னும் ருஷ்ய டாங்கியின் மாதிரி. 1942-43 குளிர்காலத்துத் தோற்றம். உண்மை டாங்கி ஏறத்தாழ 6.7 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 30 டன் எடையும் உடையது. நமது டாங்கி 19 சென்டிமீட்டர் நீளம். எடை, ஒரு தேங்காய் மூடிக்கும் குறைவு. 35-இல் 1 பங்கு என்பது இதன் அளவு. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்றில்லாமல் இந்த விந்தையான 35 எங்கிருந்து வந்தது? ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1961-இல் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கிக்கு ஒரு மாதிரி செய்தது. அதை ஓட்டும் மின்சார மோட்டாருக்கு வேண்டிய பேட்டரிகள் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள். அமைத்தபின் அளந்து பார்த்தால் கணக்கு ஏறத்தாழ 35-இல் ஒன்றாக வந்தது. இன்று உலகெங்கும் பல நிறுவனங்கள் அந்த அளவையே பின்பற்றுகின்றன. பேட்டரிக்கு இடம் பார்த்ததில் பிறந்த அளவு, சாஸ்திரம்போல் நிலைத்துவிட்டது!

இந்த டாங்கியை நாம் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு ரயில்வேக் காரணமும் உண்டு. இதை வடிவமைத்த குழுவின் தலைவர் மிகயீல் கோஷ்கின், கார்கிவ் நகரத்துத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1940 மார்ச் மாதத்துக் கடுங்குளிரில், முதலிற் செய்த இரண்டு டாங்கிகளைக் கார்கிவிலிருந்து மாஸ்கோவுக்குத் தரைவழியே ஓட்டிச் சென்று அரசினருக்குக் காட்டினார்கள். கோஷ்கின் உடன் சென்றார். அப்பயணத்தில் அவருக்கு நிமோனியா கண்டது. அதிலிருந்து மீளாமல் அவ்வாண்டு செப்டம்பரில் காலமானார். வயது 41. தம் டாங்கி போர்க்களம் புகுந்ததை அவர் பார்க்கவில்லை. 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது, அத்தொழிற்சாலையின் இயந்திரங்களையும் தொழிலாளரையும் ரயிலில் ஏற்றி யூரல் மலைப்பக்கத்து நீஷ்னி டகீல் நகருக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அவர்களுக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? ரயில் வாகன்கள் கட்டும் தொழிற்சாலை! அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே அங்கிருந்து டாங்கிகள் வெளிவரத் தொடங்கின. ஒரு வாகன் குறித்த நாளில் குறித்த நிலையத்தைச் சேர்வது எத்தனை கடினம் என்பதை அறிந்த நம் இலாகாவினர் இதை எண்ணி வியப்பார்கள்.

இனி வெள்ளை நிறத்துக்கு வருவோம். ருஷ்ய டாங்கியின் இயற்கை நிறம் கரும்பச்சை. வெண்பனி மூடிய சமவெளியில் கரும்பச்சை டாங்கி, வெள்ளை வேட்டியில் விழுந்த மைத்துளிபோல் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். ஆதலின் குளிர்காலம் வந்ததும் அதற்கு வெள்ளையடித்தார்கள். ‘வெள்ளையடித்தார்கள்’ என்று நாம் சொல்வது உவமை அன்று. சுண்ணாம்பும் சுண்ணக்கட்டியும் நீரில் கரைத்து, பிடிப்புக்குப் பசை சேர்த்து, வாளியும் மட்டையும் துடைப்பமும் கொண்டு பூசிய வெள்ளைதான் அது. 1941-ஆம் ஆண்டுக் குளிருக்கு ஆயத்தமில்லாமல் சென்ற ஜெர்மானியர், சுண்ணாம்பு கிடைத்த இடத்தில் சுண்ணாம்பும், கிடைக்காத இடத்தில் படுக்கை விரிப்புகளும் கொண்டு டாங்கிகளை மறைத்தார்கள்.

சுண்ணாம்பைப் பற்றி நம் காலனியாருக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்த மறுநாள் சுவரில் சாய்ந்தவரின் முதுகைப் பாருங்கள்! பசை குறைவாகச் சேர்த்திருந்தால் சட்டையெல்லாம் வெள்ளை. சில மாதங்கள் சென்றபின் சுவரைப் பாருங்கள். மாடிப்படி வளைவில் எல்லோருடைய கையும் படுமிடத்தில் சுண்ணாம்பு போய்ப் பழைய நிறம் தெரியும். மழைநீர் வழியும் மூலையில் கோடு கோடாகக் கரைந்திருக்கும். கைபடாத மேல் மூலையில் மட்டும் பூசிய நாளின் வெண்மை அப்படியே நிற்கும். அந்தச் சுவரைப் பார்த்தே அவ்வீட்டில் எத்தனை குழந்தைகள், அவர்கள் எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடலாம். டாங்கிக்கும் இதுவே கதி. குளிர்கால டாங்கியின் மாதிரி செய்வோன் கற்க வேண்டிய பாடமும் முக்காலே மூன்று வீசம் இதுவேயாகும்.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடித்ததும் முழு டாங்கிக்கும் பச்சை அடிக்க வேண்டும். அது நன்கு உலர்ந்தபின், பெண்மணிகள் கூந்தல் படியத் தெளிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை அதன்மேல் மெல்லத் தெளிக்க வேண்டும். (கடையில் நாம் அதைக் கேட்டு வாங்கியபோது கடைக்காரர் நம் வழுக்கையை ஒருமுறை நோக்கினார்.) அது காய்ந்ததும் நீரிற் கலக்கும் அக்ரிலிக் வெள்ளையை ஏர்பிரஷ் கொண்டு மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். தூய வெள்ளை ஆகாது. அதினும் வெளுத்த நிறம் வேறில்லையாதலால், மேலே ஒளி காட்ட இடமிராது. துளி சந்தன நிறம் கலந்தால் சுண்ணாம்பின் நிறம் வரும். சிறிது நேரத்தில் வேண்டிய இடத்தை நீரால் நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷினால் தேய்த்தால், அடியிலுள்ள ஹேர் ஸ்ப்ரே கரைந்து மேலுள்ள வெள்ளை பெயர்ந்து வரும், பச்சை தலைகாட்டும். இம்முறைக்கு முன்பு சமையல் உப்பைப் பயன்படுத்தினார்கள்: ஈரப் பச்சையின்மேல் உப்பைத் தூவி, வெள்ளை அடித்து, காய்ந்தபின் உப்பை உதிர்த்துவிடுவது. அதுவும் நல்ல முறையே. பெயர்ந்த ஓரங்கள் இன்னும் இயற்கையாக அமையும்.

பூசுவது எளிது. எங்கே பெயர்க்க வேண்டும் என்பதுதான் இரவுகளைத் தின்றது. பார்வைக்கு அழகென்று கண்ட இடத்தில் தேய்த்தால், அது சொறி பிடித்த டாங்கியாகுமேயன்றி உழைத்த டாங்கியாகாது. ஒவ்வொரு தேய்வுக்கும் ஒரு மனிதன் வேண்டும். நம் மகள், பத்தாம் வகுப்பு மாணவி, மேஜைக்கு எதிரே அமர்ந்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: “அப்பா, இங்கே யார் கை வைத்தார்கள்?” விடை கிடைத்த இடத்தில் மட்டும் நாம் பிரஷை வைத்தோம்.

முன்புறத்துச் சாய்ந்த தகட்டில் ஒரு கதவு உண்டு. அது ஓட்டுநருடையது. மூடிவிட்டால் வெளியே சரியாகத் தெரியாது. ஆதலால் இயன்றபோதெல்லாம் அதைச் சிறிது திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினார்கள், முகத்தில் அறையும் குளிர்காற்றோடு. அக்கதவின் விளிம்பிலும், அவர் ஏறி இறங்கும் தகட்டிலும் வெள்ளை நில்லாது. மேலே பீரங்கிக் கூண்டில் இரண்டு வட்டக் கதவுகள்; இரண்டும் திறந்து நின்றால் மிக்கி மவுஸின் காதுகள்போல் இருக்குமாம், ஜெர்மானியர் அப்பெயரிட்டே அழைத்தனர். குழந்தைகளுக்கு இது மிகப் பிடிக்கிறது. அக்கூண்டினுள் இருவரே இருந்தனர். தலைவராக இருப்பவரே பீரங்கியையும் குறிபார்த்துச் சுட வேண்டும். அவர் எத்தனை முறை வெளியே எட்டிப் பார்த்திருப்பார், விளிம்பில் எத்தனை முறை கையுறை உராய்ந்திருக்கும்! பக்கங்களிலே கைப்பிடிக் கம்பிகள் உள்ளன. காலாட்படை வீரர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு டாங்கியின்மேல் தொற்றிச் சென்றார்கள். கவசம் அவர்களுக்கு இல்லை; எஞ்சினின் சூடு மட்டுமே கிடைத்த வசதி. கம்பிகளில் வெள்ளை அறவே இல்லாமலும், எஞ்சின் மேற்றளத்தில் பூட்ஸ் தேய்த்துப் பச்சை தெரியும்படியும் செய்திருக்கிறோம். அங்கே வெண்பனியும் வைக்கவில்லை, சூட்டில் உருகிவிடும். பின்தகட்டில் இரு புகைக்குழாய்களுக்கும் சுற்றிலும் கரி. சக்கரங்களின் பின்புறம் துடைப்பம் எட்டாது. அங்கே சுண்ணாம்பே பூசவில்லை.

சங்கிலிப் பட்டைகளுக்குத் தண்டவாளமே நமக்கு ஆசான். வண்டி ஓடும் தண்டவாளத்தின் தலை வெள்ளிபோல் மின்னும், பக்கம் பழுப்பாயிருக்கும். வண்டி வராத பக்கத்துப் பாதையில் தலையும் துருவேறிவிடும். டாங்கியின் பட்டையும் அவ்வாறே: தரையில் படும் மேடுகள் மின்ன வேண்டும், பள்ளங்கள் பழுப்பாக வேண்டும். பென்சில் கரியைத் தேய்த்தால் இரும்பின் மினுமினுப்பு வந்துவிடுகிறது. ஆனால் உடலெங்கும் செந்துரு பூசுவது, பலர் செய்தாலும், நமக்கு உடன்பாடன்று. துரு முற்றுவதற்கு ஆண்டுகள் வேண்டும். போர்முனைக்குச் சென்ற டாங்கிகளிற் பல அத்தனை நாள் வாழவில்லை.

சக்கரங்களில் ஒரு சிறு நுட்பம். 1942-இல் ரப்பர்ப் பஞ்சம் ஏற்பட்டதால், பல டாங்கிகளில் பக்கத்துக்கு ஐந்து சக்கரங்களுள் முதலிலும் கடைசியிலும் ரப்பர் விளிம்பும், நடு மூன்றுக்கு வெறும் எஃகு விளிம்பும் வைத்தார்கள். எஃகு விளிம்பு மின்னும், ரப்பர் மின்னாது. இதைக் கவனித்துப் பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். அவருக்காகச் செய்தோம்.

இவ்வேலையைத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டொரு எச்சரிக்கை. ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து மூலை முடுக்குகளில் விடும்போது தாராளம் கூடாது. அது இணைப்புகளுக்குள் புகுந்து பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்துவிடும். நம் காலனியை மூடுபனி சூழும் தை மாதத்துக் காலைகளில் வார்னிஷ் தெளிக்கலாகாது. ஈரம் சேர்ந்து பால்போல் வெளுத்துவிடும். தரையில் வெண்பனி காட்டச் சமையல் சோடாவைத் தூவுவோர் உண்டு. நாளடைவில் அது மஞ்சளாகிவிடுகிறது. இதற்கென்றே விற்கும் தூளை வாங்குவது நலம். பனி என்றால் புல்நுனியில் நிற்கும் துளி என்றே அறிந்து வளர்ந்தவர்கள் நாம். முழங்கால் அளவு குவியும் பனியை நம்மிற் பெரும்பாலோர் படத்தில்தான் கண்டிருக்கிறோம். ஆதலின் இப்பகுதியில் கற்பனையைக் குறைத்து, பழைய புகைப்படங்களை அதிகம் பார்ப்பது நன்று.

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். இந்த டாங்கியைப் பளபளவென்று, பெட்டியிலிருந்து எடுத்த மேனியாய் வைத்திருந்தால், அவர் கூறியதை நாம் மறுத்திருக்க மாட்டோம். அப்போது அது வலிமையின் பொம்மை. அதைக் கையிலெடுக்கும் சிறுவன் ‘டும் டும்’ என்று சுடத்தான் செய்வான். சுண்ணாம்பு தேய்ந்த டாங்கியைப் பார்த்த சிறுவர்கள் அப்படிச் செய்யவில்லை. “உள்ளே எத்தனை பேர்?” என்று கேட்டார்கள். நால்வர். “குளிராதா?” என்றார்கள். குளிரும், இரவில் பட்டைகள் தரையோடு உறைந்துவிடாதிருக்கக் கட்டைகளையும் கிளைகளையும் அடியில் போட்டு நிறுத்துவார்கள். “அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள்?” என்றாள் ஆறு வயதுக் குழந்தையொருத்தி. நாம் பொய் சொல்லவில்லை. “பலர் வீடு திரும்பவில்லை, அம்மா” என்றோம். அந்த வெள்ளை, பிறரைக் கொல்வதற்காகப் பூசியது மட்டுமன்று. தாம் கண்ணிற் படாதிருக்கவும் பூசிக்கொண்டது. மார்ச் மாதத்தில் பனி உருகிக் கருஞ்சேறு கிளம்பியதும் அதே வெள்ளை எதிரிக்கு அடையாளமாகிவிடும். அவசரமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பீரங்கிக் குழாயில் இத்தனை பேரை வீழ்த்தினோம் என்று வளையங்கள் இடுவோர் இக்கலையில் உண்டு. நாம் இடவில்லை, இடப்போவதுமில்லை.

நம் நாட்டு டாங்கி பனியைக் கண்டதுண்டா என்று ஓர் இளைஞர் வினவினார். உண்டு. 1948 நவம்பர் 1-ஆம் நாள், காஷ்மீரத்தில் 11,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள ஜோஜிலா கணவாயில், 7-ஆவது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறிச் சென்றன. கோவேறு கழுதைகள் செல்லும் தடத்தை டாங்கி செல்லும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் ஸாப்பர்ஸ் படையினர். நம்மவர் நிறைந்த படை. அடுத்து ஸ்டூவர்ட்டைத்தான் செய்வதாக இருக்கிறோம். அதன் தேய்வுகளையெல்லாம் மகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.

விழா முடிந்து செல்லுமுன் முன்னறைப் பெட்டியைக் காண விரும்புவோர் பின்பக்கமாகச் சென்று காண்க. புகைக்கரி அங்கேதான் நன்கு அமைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் நம்மை அழையுங்கள். குழந்தைகள் தொட வேண்டாம். மேலே தூவிய சுண்ணத்தூளுக்கு வார்னிஷ் பூசவில்லை, விரலில் ஒட்டிக்கொள்ளும்.