மல்லிகைப் புதரில் இளவேனில்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வர்த்தமானர் அவதரித்த சைத்ர மாத வளர்பிறைத் திரயோதசி, நம் சூரியமானக் கணக்கில் பங்குனியிலோ சித்திரையிலோ அமைகிறது. இளவேனில் சித்திரையில் தொடங்குவதாக நூல்கள் வகுத்துள்ளன. ஆயினும் வீட்டில் பூந்தோட்டம் வைத்திருப்போர் அதன் வரவை மாசியிலேயே அறிந்துவிடுகின்றனர். வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத் தளிர்களை விடுகிறது. பங்குனியில் அது பூக்கத் தொடங்கியதும் தேனீக்கள் வந்து சேர்கின்றன. தேனை விலக்கிய நம் இல்லங்களில் அவை அச்சமின்றி விருந்துண்ணலாம்!

என் தோட்டத்தில் அவ்வரவை உறுதிப்படுத்துவது குண்டுமல்லி. மார்கழியில் அப்புதரை முழங்கால் உயரத்திற்குக் கவாத்து செய்கிறோம். ஓரறிவுயிரை வெட்டும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. மாசியில் வெட்டிய கிளைகளின் கணுக்களிலிருந்து இளம்பச்சைத் துளிர்கள் கிளைக்கின்றன. பின்னர் அவற்றின் நுனியில் அரிசிமணி போன்ற மொட்டுகள் அரும்புகின்றன.

அம்மொட்டுகளோடு எனக்குச் சிக்கலும் வருகிறது. சென்ற ஆண்டு மொட்டுப்புழு கண்டது. அது மொட்டைத் துளைத்து உட்புகுந்து தின்னும்; அருகிலுள்ள மொட்டுகளையும் நூலால் பிணைத்துவிடும்; மொட்டுகள் ஊதா நிறமேறி வாடும். கடைக்காரர் ஒரு மருந்துப் புட்டியைத் தந்தார்.

நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகைப்படுத்தினர். இல்லறத்தார் அறவே நீக்க வேண்டியது, கொல்வதென்றே கருதிச் செய்யும் சங்கல்ப இம்சை. கவாத்தினை இல்லப் பணியைச் சார்ந்த ஆரம்பத்தில் அடக்கலாம். உழவால் வாழும் நம்மவர் பயிருக்கு மருந்தடிப்பதை உத்தியோகத்தில் அடக்குவர். உழவர் மகனாகிய நான் அவர்களைக் குறைகூற மாட்டேன். ஆனால் பூசைக்கென்று வளர்க்கும் பத்துச் செடிகளுக்காகப் புழுவைக் கொல்வது எதில் அடங்கும்? விடை எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் ஒருமுறை தெளித்தேன். மறுநாள் புழுக்களோடு, எத்தீங்கும் செய்யாத வேறு சிற்றுயிர்களும் செடியடியில் மடிந்து கிடந்தன. அன்று கொய்த பூவை அருகன் திருவடியில் சாற்ற மனம் வரவில்லை.

இவ்வாண்டு மருந்தைத் தொடவில்லை. பொழுது நன்கு புலர்ந்து, சிற்றுயிர்கள் கண்ணுக்குப் புலப்பட்ட பின்னரே தோட்டத்தில் இறங்குகிறேன். புழு புகுந்த மொட்டுகளைக் கிள்ளி ஓலைப்பெட்டியில் இட்டு, கொல்லைக்கோடியில் கவாத்து செய்யாமல் விட்டுவைத்த ஒரு மல்லிகைப் புதரின்மேல் சேர்க்கிறேன். அப்புதர் புழுக்களின் பங்கு. செடிவளர்ப்பில் தேர்ந்த நண்பர் ஒருவர், "அவை பெருகி உம்மிடமே திரும்பி வரும்" என்று எச்சரித்தார். அவர் கூறுவது உண்மையே. சில மொட்டுகளில் மீண்டும் துளைகளைக் காண்கிறேன். மீண்டும் கிள்ளி எடுத்துச் செல்கிறேன்.

முதல் பறிப்பில் 17 மொட்டுகளே தேறின. மாலை தொடுக்க அவை போதவில்லை. என் பேத்தி அவற்றை ஒரு வாழையிலைத் துண்டில் பரப்பி, இரு கைகளிலும் ஏந்திக் கோயிலுக்கு எடுத்துச் சென்றாள்.