அவ்வப்போது நேரும் தாமதம்



நாள்தோறும் தாமதமாக வருகிறவனைத் திருத்துவது எளிது. சில நாள்களில் மட்டும் தாமதமாக வருகிறவனே ஆசிரியரைத் திணறச் செய்கிறான். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியிலிருந்து காவிரியைக் கடந்து, மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளிக்கு ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். கெட்டிக்காரன். ஆயினும் மாதத்தில் இரண்டு நாள் மணி அடித்த பிறகே வருவான். "வீட்டிலிருந்து நேரத்தோடுதான் புறப்பட்டேன், சார்" என்பான். நான் நம்பவில்லை, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

அவனை இன்று நினைவூட்டியது, கணிப்பொறித் துறையிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் விவரித்த சிக்கல். வங்கி முதலிய பெரிய நிலையங்களில் மெயின்பிரேம் என்னும் பெருங்கணிப்பொறிகள் உள்ளன. ஒரே இயந்திரத்துக்குள் பல கணிப்பொறிகள் இருப்பதுபோல் இயங்கச் செய்யும் முறையை, ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டது. அதன் வழிவந்த இசட்/வி.எம். மீது இன்று லினக்ஸ் அமைப்புகள் பல ஓடுகின்றன. ஒவ்வொன்றும் இயந்திரம் முழுவதும் தனக்கே உரியதெனக் கருதும். உண்மையிலோ, பல குடித்தனங்களுக்கு ஒரே கிணறு என்பதுபோல, செயலியை முறைவைத்தே பகிர்ந்துகொள்கின்றன.

சிக்கல் இதுதான். ஒரு லினக்ஸைக் கேட்டால் ஒரு மில்லிசெகண்டில் வரும் விடை, எப்போதாவது 200 மில்லிசெகண்டு கழித்து வருகிறது. கம்பியை மாற்றினார்கள்; பயனில்லை. ஒவ்வொரு பிரிவினரும் தம் பதிவேட்டைக் காட்டித் தம்மிடம் குறையில்லை என்றனர்.

இத்தகைய வேளையில் தாமதத்தின் அளவையே முதலில் பார்க்க வேண்டும். அது நாளுக்கொரு விதமாக மாறினால், எங்கோ வரிசை நீள்கிறது என்று ஐயுறலாம். எப்போதும் ஒரே அளவாக இருந்தால், யாரோ ஒரு விதிப்படி கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் லினக்ஸ், விடை வராவிடில் வழக்கமாக 5 விநாடி கழித்தே மறுபடி கேட்கும். 'பெற்றேன்' என்னும் ஒப்புகையை 40 மில்லிசெகண்டு நிறுத்தி அனுப்புவதும் உண்டு. அனுப்பிய தகவற்பொதிக்கு ஒப்புகை வராவிட்டால், மீண்டும் அனுப்பக் குறைந்தது ஏறத்தாழ 200 மில்லிசெகண்டு காத்திருக்கும். ஆகவே, 200 என்ற எண்ணே இங்குப் பொதி தொலைகிறது என்று காட்டிக்கொடுத்தது.

எங்கே தொலைந்தது? இரு முனைகளிலும் டிசிபிடம்ப் என்ற கருவியால் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பொதி புறப்பட்டது, லினக்ஸிடம் சேரவில்லை. அதே நேரத்தில் லினக்ஸின் அளவைப் பட்டியலில் 'ஸ்டீல்', அதாவது களவு, என்னும் பத்தி உயர்ந்திருந்தது. செயலி கிடைக்காமல் அது காத்திருந்த நேரத்தைக் குறிப்பது அப்பத்தி. (பெயர் வைத்தவர் குறும்புக்காரர்!) பக்கத்து அமைப்புகள் கணக்குமுடிப்பு வேலையில் மூழ்கியிருக்க, இதன் முறை தள்ளிப்போயிற்று. வந்த பொதிகளை எடுப்பாரில்லை. அவற்றைத் தாங்கும் இடம் நிரம்பியதும் அடுத்தவை வீழ்ந்தன.

அந்த இடங்களை 128 வரை உயர்த்தலாம். ஒவ்வொன்றும் 64 கிலோபைட்டு. உயர்த்தினார்கள். எனினும் திண்ணையை அகலமாக்குவதால் கிணற்றில் முறை விரைந்து வந்துவிடாது. 'ஷேர்' என்னும் பங்கீட்டில் அந்த லினக்ஸுக்குரிய அளவையும் கூட்டிய பிறகே குறை நீங்கியது.

என் மாணவனிடம் நான் அளந்து பார்க்கவே இல்லை. பல வாரங்கள் கழித்து, அவன் வந்த நிமிடத்தை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கத் தொடங்கினேன். தாமதம் எப்போதும் கால் மணி. அதாவது ஒரு பேருந்து. நாள்களோ ஏகாதசி! விடியற்காலையில் அரங்கனைத் தரிசித்துத் திரும்பும் கூட்டத்தால் வண்டி நிரம்பிவிட, பையன் அடுத்த வண்டிக்கு நின்றிருக்கிறான். நெரிசல் என்று சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை. புறப்பட்ட நேரம் ஒன்றே அவனுக்குத் தெரிந்தது.

அவனைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று சொன்னேன். பதிவேட்டையும் திருத்தினேன். "அப்படியானால் ஏகாதசியன்று ஒரு வண்டி முன்னதாக ஏறிவிடுகிறேன், சார்" என்றான்.