சங்கீதமும் மாதர் பெயரும்

(மணப்பாட்டில் நம் சங்கத்தார் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



சங்கீதத்தை வளர்த்தவர் யாவரெனின், நாம் ஆடவர் பெயர்களையே அடுக்கிச் சொல்லுகின்றோம். தேவார மூவர்க்கும் முன்னரே காரைக்காலம்மையார் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களிற் பதிகம் பாடினாரென்பதை மறந்துவிடுகின்றோம்.

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்த காலத்தில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுக் கோயிலெழுப்பிக் கும்பாபிஷேகஞ் செய்வித்தார். ஆயினும் ஆராதனையில் ஸ்திரீகள் பாடலாகாதென்று வித்வான்கள் தடுத்தனர். கோயில் கட்டியவருக்கே அங்குப் பாட இடமில்லை! அம்மையார் மனந்தளராது 1927 முதல் மாதரைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1941-இல் கட்சிகள் ஒன்றுபட்டன. மாதர்க்கும் இடங் கிடைத்தது.

சென்னை மியூசிக் அகாடமி 1942-இல் ஏற்படுத்திய சங்கீத கலாநிதிப் பட்டம், ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 1968-இல் வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. இடையிற் கழிந்த 26 ஆண்டுகளில் தகுதியுடைய மாதர் ஒருவருமிலர் என்று யாரேனும் துணிந்து கூறுவரோ? ஸாஹித்தியம் இயற்றிய மாதர் நிலையும் அத்தன்மையதே. மதுரை அம்புஜம் கிருஷ்ணா நூற்றுக்கணக்கான கீர்த்தனங்களை இயற்றியுள்ளார். கச்சேரியில் அவற்றைக் கேட்டு மகிழ்வோருள், இராகம் யாதென வினவுவோர் பலர். இயற்றியவர் யாரென வினவுவோர் சிலரே.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இக்கலை புறம்பானதென்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1916-இல் பரோடா சங்கீத மகாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை விளக்கியபொழுது, அதனை வீணையிலும் பாட்டிலும் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவர் புதல்வியரே.

ஆதலின் நம் கடமை யாது? இப்பட்டினத்துத் திருச்சிலுவைக் கோயில் திருவிழாவிலும், பெரிய வெள்ளிக்கிழமையிலும் தாய்மார் பாடக் கேட்டு வளர்ந்தவர் நாம். அவருட் பாட்டு இயற்றியோர், பிறர்க்குப் பயிற்றியோர் பெயர்களைக் குடும்பந்தோறும் விசாரித்து எழுதிவைத்து, நம் சஞ்சிகையில் வெளியிடல் வேண்டும். முதியோர் மறைந்தபின் அப்பெயர்களைச் சொல்லுவார் இரார். சங்கீதத்தில் விருப்பமுடைய பெண்மக்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்தலும், விவாகத்தோடு அப்பயிற்சி நின்றுபோகாமற் காத்தலும் பெற்றோர்க்கும் புக்ககத்தார்க்கும் உரிய பொறுப்பாகும். திருவையாற்றில் ஓரம்மையார் 14 ஆண்டு காத்திருந்து பெற்ற இடத்தை, நம் இல்லங்களில் நம் புதல்வியர்க்கு இன்றே அளித்தல் நம் கையிலேயே உள்ளது.

ஆண்டவர் அருள் புரிவாராக.