தாத்தா பாட்டிக்கு எடைப் பயிற்சி

எடைப் பயிற்சி என்றதும் கண்ணாடி முன் நின்று புஜத்தை முறுக்கும் இளைஞர்கள்தான் பலருக்கு நினைவு வருவார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பயிற்சி அவர்களைவிட அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்குத்தான் அவசியம் என்பேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், மருத்துவர் மரியா ஃபியாடரோனும் குழுவினரும் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வின்படி, எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறு வயதிலும் தசை மறுமொழி தருகிறது!

அதே குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. 100 முதியவர்களில் சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும். பயிற்சி செய்தவர்களின் வலு இரு மடங்கைத் தாண்டியது. வெறும் பானம் குடித்தவர்களின் தசைத் தளர்ச்சி குறையவே இல்லை. அம்மாவுக்குச் சத்துமாவு டப்பா வாங்கி வைத்துவிட்டு, "நீ எதையும் தூக்காதம்மா, சும்மா உட்காரு" என்று சொல்லும் பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அன்பால் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் சும்மா உட்கார்ந்தால் தசை கரையும். சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். தசை சுருங்கினால் அந்தச் சர்க்கரைக்கும் இடம் குறையும்.

தினமும் நடக்கிறோமே, போதாதா? நடை இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் தசை வலுப்பெற, பழகியதைவிடச் சற்று மிஞ்சிய சுமை வேண்டும். சுவரோரம் நாற்காலியைப் போட்டுக் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து முறை எளிதாகிவிட்டால் கைக்கொரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். தண்டாலைச் சுவரில் சாய்ந்து செய்யலாம். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம், இரத்த அழுத்தம் ஏறும். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படிச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயிற்சி செய்யும் தசைக்குப் புரதமும் வேண்டும், இனி தட்டுக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி என்று பல பெரியவர்கள் நாளை ஓட்டிவிடுகிறார்கள். வயிறு நிறைகிறது, புரதம் சேர்வதில்லை. சாம்பாரை மேலாக ஊற்றாமல் அடியிலுள்ள பருப்பையும் சேர்த்துப் பரிமாறுங்கள். சுண்டல், தயிர், மீன், முட்டை, எது ஒத்துக்கொள்கிறதோ அது ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபின் புரதத்தைக் கூட்டுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நாளைக் காலை ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுங்கள். அவர் எழுந்து உட்காரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.